‘வலி நின்னுடுச்சு, அப்புறம் வரேன் சார்’

தருமபுரியில் பல வருஷமாகப் பல் கிளினிக் நடத்திவரும் மருத்துவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள். பல் டாக்டர்கள் எல்லோருமே இப்படித்தானா, இல்லை எனக்கென்று அமைகிறார்களா?
– அரூரிலிருந்து ஓர் ஆசிரியை

எல்லோரும் இப்படித்தான் டீச்சர், நான் உள்பட. காரணத்தைச் சொல்கிறேன், மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம்.

ஒன்பதரை மணிக்கு வந்தவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் உதடு மரத்துப்போக ஐந்து நிமிஷமாவது ஆகும். பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது, இன்னொரு ஊசி, இன்னும் கொஞ்சம் காத்திருப்பு. “மரத்துடுச்சா?” என்று கேட்டால் பாதிப் பேர் பயத்திலேயே “மரத்துடுச்சு” என்று சொல்லிவிட்டு, குறடை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குள் மணி பத்தாகிவிடும், நீங்களும் வந்துவிடுவீர்கள். அப்போதுதான் டோக்கனும் இல்லாமல் ஃபோனும் பண்ணாமல், ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவர் கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அவரை எப்படி உட்கார வைப்பது? அவரை முடித்துவிட்டுப் பத்தரைக்காரரைக் கூப்பிட்டால், “பாலக்கோட்டுல தக்காளி மண்டியில இருக்கேன் சார், லோடு ஏத்திட்டு சாயங்காலம் வரேன்” என்பார். இப்படி வராமல் போகிறவர்கள் உண்டு என்று தெரிந்தே ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்கு டோக்கன் கொடுக்கிறோம். சில நாள் இரண்டு பேருமே வந்துவிடுகிறார்கள். உங்கள் ஒன்றரை மணி நேரத்தின் கணக்கு இவ்வளவுதான்.

கேள்வி: ரூட் கேனால் செய்துகொண்டேன். வலி சுத்தமாக நின்றுவிட்டது. இப்போது கேப் போட வேண்டும் என்று இன்னொரு தொகை சொல்கிறார்கள். வலியே இல்லாத பல்லுக்கு எதற்குக் கேப்? வியாபாரம்தானே?
– பென்னாகரம் வாசகர்

வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேப் விஷயத்தில் உங்கள் டாக்டர் பக்கம்தான் நான்.

வலி நின்றதற்குக் காரணம், வலியைச் சொல்லும் நரம்பையே எடுத்தாயிற்று. பல் பழைய பலத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. சொத்தை தின்றது பாதி, நரம்புக்கு வழி செய்ய நாங்கள் குடைந்தது கொஞ்சம். மிச்சம் நிற்பது நாலு மெல்லிய சுவர்தான். அதில் ஒரு பக்கமாகப் பொரிகடலை மென்றால் சுவர் பிளந்துவிடும். வேருக்குள் நாங்கள் நிரப்புவது கட்டா பெர்ச்சா என்ற மரப்பால், மலாய்க் காடுகளிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது தண்ணீர் ஏறாமல் இருக்க மேலே சுற்றியதும் இதையேதான். அப்பேர்ப்பட்ட சரக்காக இருந்தாலும், மேலே சரியான மூடி இல்லாவிட்டால் ஓரமாக எச்சில் இறங்கிவிடும், கூடவே கிருமியும். தற்காலிகமாக அடைத்திருக்கும் வெள்ளைச் சிமெண்ட் சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

என் தொழிலில் எனக்குப் பெரிய மனக்குறையே இதுதான். வலியோடு வருகிறவர் கடவுளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பார். முதல் நாள் பல்லைத் திறந்து விட்டதும் வலி போய்விடும். “வியாழக்கிழமை வந்துடுங்க” என்றால் “கண்டிப்பா சார்”. வியாழக்கிழமை வர மாட்டார். சிஸ்டர் ஃபோன் பண்ணினால், “வலி நின்னுடுச்சு, அப்புறம் வரேன்னு சாருகிட்ட சொல்லிடுங்க”. அந்த அப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரும், கையில் பல்லின் பாதித் துண்டோடு. “நீங்க பண்ணினதுதான் சார், உடைஞ்சிடுச்சு.” அந்த இடத்தில் கோபம் வந்தாலும் காட்டக் கூடாது; எனக்கு அது இன்னும் முழுசாகப் பழகவில்லை.

ஒரு நியாயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். முழுச் செலவையும் முதல் நாளே சொல்லாமல் தவணையாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நானும் முன்பு அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். இப்போது முதல் நாளே கேப்போடு சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சிலர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள், போகட்டும்.

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். பல் ஆடிக்கொண்டே இருக்கிறது, சாப்பிடவும் முடியவில்லை.
– ஊத்தங்கரை வாசகி

போகாதும்மா. பல்லின் உணர்ச்சி ஐந்தாவது மூளை நரம்பின் கிளையில் போகிறது, பார்வைக்கு இரண்டாவது நரம்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அத்தையைச் சிரித்து மடக்காதீர்கள். மேல் கோரைப்பல்லில் சீழ் வைத்தால் வீக்கம் கண்ணுக்குக் கீழே வரை ஏறி இமை மூடிக்கொள்ளும், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன பேச்சாக இருக்கலாம். பல் விழுகிற வயதும் கண்புரை வருகிற வயதும் ஒன்றுதான், அதுவும் ஒரு காரணம். பல் எடுப்பதற்கு முன்னால் கண் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள். பழி பல் மேல் வராது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை எது சாப்பிட்டாலும் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், கண்ணைவிட அதுதான் எங்களுக்கு முக்கியம்.

கேள்வி: பி.டி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன் சார். சொந்த ஊரில் கிளினிக் போடலாம் என்று ஆசை. தெருவுக்கு ஒரு பல் கிளினிக் வந்துவிட்டதே, ஓடுமா?
– சேலத்திலிருந்து ஒரு தம்பி

ஓடும் தம்பி, மெதுவாக ஓடும். ஆனால் காலேஜில் பல்லைப் பற்றித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கிளினிக் போட்டால் முதலில் நீ கற்றுக்கொள்ளப்போவது கம்பிரசரைப் பற்றி. பல்லைக் குடையும் ஏரோட்டர் நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறதென்றால் அத்தனையும் அந்தக் கம்பிரசர் காற்றில்தான். வீட்டு இன்வெர்ட்டர் விளக்கை எரிக்கும், கம்பிரசரைத் தாங்காது. பல்லைப் பாதி குடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால், வாயைத் திறந்தபடி படுத்திருப்பவரும் நீயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கருவிகளைப் போட்டு 121 டிகிரியில் பதினைந்து நிமிஷம் ஓட வேண்டும். சூடேறி, காய்ந்து, வெளியே எடுக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நடுவில் கரண்ட் போனால் அந்தச் சுற்று செல்லாது, திரும்ப முதலிலிருந்து. எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு ஏறி, சேரின் தண்ணீர்க் குழாய் எப்போது அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சேர் விற்றவர் முதல் வருஷம் ஃபோனை எடுப்பார்.

ஏப்ரலில் அளவெடுக்கும்போது ஒன்றைக் கவனி. பல்லின் அச்செடுக்கும் அல்ஜினேட் பவுடரைக் குழாய்த் தண்ணீரில் கலக்கினால் டிரேயில் அள்ளுவதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிடும். ஐஸ் தண்ணீர் வைத்துக்கொள். எங்கள் கிளினிக் ஃபிரிட்ஜில் மோர் பாட்டிலும் அல்ஜினேட்டுக்கான தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், சிஸ்டர் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்.

கழிவையும் நீதான் பிரிக்க வேண்டும்: மஞ்சள் பையில் ரத்தப் பஞ்சு, சிவப்பில் பிளாஸ்டிக், வெள்ளை டப்பாவில் ஊசி, நீலத்தில் கண்ணாடி. கவுன்சில் பதிவு, கிளினிக் பதிவு, கழிவு அனுமதி, எக்ஸ்ரே பதிவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வை.

கட்டணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பல்லை அலுங்காமல் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டால், “அவ்வளவுதானா? இதுக்கா 500 ரூபா?” என்று பேரம் பேசுவார்கள். வேர் உடைந்து, முக்கால் மணி நேரம் போராடி, இரண்டு பேருக்குமே வியர்த்துக் கொட்டினால், “பாவம், டாக்டர் எவ்வளவு கஷ்டப்பட்டார்” என்று பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கை பழகப் பழக மரியாதை குறைகிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் வாயை இருட்டில் படம் பிடித்து அனுப்பி “இது என்னன்னு பாரேன்” என்பார்கள். நாக்கைத் தவிர எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் “நேரில் வாங்க” என்றே பதில் போடு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரர் வாயைத் திறந்து காட்டுவார், அதற்கும் அதே பதில்தான்.

கேள்வி: என் தம்பிக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கறை. உப்பு, செங்கல்பொடி, கரி எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டான். போகுமா?
– தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா

முதலில் அந்தச் செங்கல்பொடியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். மேலே படிந்த கறையாக இருந்தால் தேய்த்தால் போகும். இது பல் உருவாகும்போதே உள்ளே கலந்தது. நம் பக்கத்துப் பாறை அப்படி, போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்னக் குழந்தைகள் வருஷக்கணக்கில் குடித்தால், ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் மேல்பூச்சு கெட்டுவிடுகிறது. முளைத்து வரும்போதே வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு. உங்கள் தம்பி பல் தேய்க்காததால் வந்தது இல்லை, பொண்ணு வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

கறை லேசாக இருந்தால் மேல் பூச்சை மயிரிழை அளவு உரசி, வெளுக்கும் மருந்து வைத்தாலே போதும். ஆழமாக இருந்தால் முன்பக்கம் மெல்லிய ஓடு ஒட்டலாம். இரண்டு மாதம் தாராளமாகப் போதும், ஆனால் முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் கூட்டிக்கொண்டு வராதீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் சனிக்கிழமை இறங்கி, “திங்கட்கிழமை டூட்டி சார், நாளைக்குள்ள வெள்ளையாக்கிடுங்க” என்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கவே இரண்டு நாள் ஆகிறது.

இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது, அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது இந்த ஃப்ளோரைடு பாதிப்பின் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. அப்பாவுக்குப் பல் முழுக்கப் பழுப்பு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டும் பெண்ணுக்கு மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை. என் சேரிலிருந்தே இதைப் பார்க்கிறேன். போர் தண்ணீர்தான் ருசி என்று அதையே குடிக்கிற வீடுகளில் மட்டும் இன்னும் கறை வந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: உங்கள் பல்லை யார் பார்ப்பார்கள்?
– ஓசூர் வாசகர்

கிருஷ்ணகிரியில் என் கூடப் படித்தவர் இருக்கிறார். ஊசி என்றால் எனக்குப் பயம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும்.

கேள்வி: நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சலிப்பாக இல்லையா? சந்தோஷம் என்று ஒன்று உண்டா?
– காரிமங்கலம் வாசகி

உண்டும்மா. அண்மையில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வந்தார். தனியார் பஸ், தருமபுரி–சேலம் ரூட்டில் முப்பது வருஷம். வாயில் ஒரு பல் மிச்சமில்லை. பல் செட் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அளவெடுத்து, தாடை இரண்டும் எந்த உயரத்தில் மூடுகின்றன என்று பார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி வாயில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் லேபிலிருந்து நிஜ செட் வரும். மெழுகு செட் வைக்கிற அன்றைக்குப் பேசச் சொல்வோம். முன்பல் கொஞ்சம் இடம் தப்பினாலும் ‘ச’ வருகிற இடத்தில் காற்று கசியும்.

“எதாவது பேசுங்கய்யா” என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தார். “பஸ்ஸுல என்ன கத்துவீங்களோ அதையே சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, “சேலம் சேலம் சேலம்! தொப்பூர், ஓமலூர், சேலம்!” என்று விட்டார் பாருங்கள், வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு ‘சே’க்கும் சன்னமாக ஒரு விசில்.

“விசிலடிக்குதுங்களே” என்றேன்.

“இருந்துட்டுப் போகட்டும் டாக்டரே, கண்டக்டருக்கு விசில் வேணாமா” என்றார் அவர் மனைவி.

ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, முன்பல் இரண்டையும் துளி நகர்த்தி, அண்ணத்துப் பக்கம் கொஞ்சம் மெழுகு சேர்த்தேன். நாலாவது தடவை சேலம் சுத்தமாக வந்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை, திரும்பும் ட்ரிப்பையும் ஓட்டிக்காட்டினார்.

இந்த மனுஷரை ஐந்து தடவை வரச் சொன்னேன். ஐந்து தடவையும் வந்தார், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், பஸ்காரர் இல்லையா. நாலு தடவை நான்தான் லேட்.