'ரிஸென்ட்' என்றால் வெறுப்பா?

தம்பி,

இங்கிலாந்துக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே, புதிய பணிநேர அட்டவணையைச் சிலர் 'ரிஸென்ட்' (resent) செய்கிறார்கள் என்று வார்டு மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்ததாகவும், கைப்பேசி அகராதி அதற்கு 'வெறுத்தல்' என்று காட்டியதால் உறக்கம் போனதாகவும் எழுதியிருந்தீர்கள். அகராதி பாதிதான் சொல்லியிருக்கிறது. தனக்கு நியாயமில்லாத ஒன்று நடந்துவிட்டது என்று எண்ணி, அதைக் கொட்டித் தீர்க்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக் குமைவதைத்தான் இந்த வினை குறிக்கிறது. மார்த்தாண்டத்துக்காரரான உங்களுக்குத் தேங்காய் மட்டையான கதம்பை எரிவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; தென்னோலை குப்பென்று பற்றி அணைந்துவிடும், கதம்பையிலோ சுடர் அடங்கிய பின்னும் நாருக்குள் கங்கு கிடந்து புகையும். ஓலை கோபம் என்றால், கதம்பை ரிஸென்ட்.

'உணர்தல்' என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், 17ஆம் நூற்றாண்டில் நன்றியுணர்வைக்கூடக் குறித்ததுண்டு. இன்று கசப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

எதன்மேல் கசப்போ, அது வினையை ஒட்டியே வரும் என்பதைக் கவனியுங்கள். 'அவன்மேல்' என்று தமிழில் சொல்லிப் பழகிய நாம் இடையில் 'ஆன்', 'அட்' என்று எதையாவது நுழைத்துவிடுவோம், அது பிழை. 'ஐ ரிஸென்ட் வொர்க்கிங் நைட்ஸ்' என்பது சரி, 'ஐ ரிஸென்ட் டு வொர்க்' என்பது தவறு. உங்கள் மின்னஞ்சலில் வினையை ஒட்டி நிற்பது அட்டவணையே தவிர நீங்கள் அல்லர். ஆகவே அதை உங்கள்மேல் வந்த பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'ஐ ரிஸென்ட் தட்' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால், நீங்கள் சொன்னது தம்மை இழிவுபடுத்துகிறது என்று அவர் கண்டிக்கிறார் என்று பொருள். விடுப்புக் கிடைக்காத வருத்தத்துக்கெல்லாம் அவ்வளவு கனமான வாக்கியத்தை எடுக்காதீர்கள்.

நானே வழுக்கிய இடம் ஒன்று உண்டு. 'மறுபடி அனுப்பினேன்' என்பதற்கும் இதே எழுத்துகள்தாம், ஒலிதான் வேறு. கசப்பைக் குறிக்கும்போது நடுவிலுள்ள எழுத்து வண்டு இரைவதுபோல் அதிர்ந்து ஒலிக்கும். மறுபடி அனுப்பியதை 'ரீ-ஸென்ட்' என்று நீட்டிச் சொல்வார்கள். வந்த புதிதில் ஓர் அலுவலகத்துக்கு 'ஐ ரிஸென்ட் தி ஃபார்ம்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன். அந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி உங்கள் மனத்தைப் புண்படுத்தியது என்று மிகுந்த பணிவோடு பதில் வந்தது. அன்றிலிருந்து 'சென்ட் அகெய்ன்' என்றுதான் எழுதுகிறேன்.