பச்சைத் தபால்தலையில் ஒரு பத்தர்

வணக்கம் ஐயா,

மறைந்த என் தாத்தாவின் ஆல்பத்தில் பச்சை நிறத்தில் ஓர் அமெரிக்கத் தபால்தலை இருக்கிறது. 25 சென்ட், முத்திரை குத்தியது. ‘பால் ரிவியர்’ என்று பெயர். தேடிப் பார்த்தால் சிலர் குதிரையில் போய் ஊரை எழுப்பிய தேசபக்தர் என்கிறார்கள், சிலர் வெள்ளி வேலை செய்தவர் என்கிறார்கள். எதற்காக இவருக்கு நினைவுத் தபால்தலை போட்டார்கள்? இது விலை போகுமா?

ம. க., காரைக்குடி

அன்புள்ள ம. க.,

விலையை முதலில் பேசி முடித்துவிடுவோம். போகாது. இது நினைவுத் தபால்தலையே அல்ல, அன்றாடத் தபாலுக்காக ஆண்டுக்கணக்கில் அச்சிட்ட ‘லிபர்ட்டி’ வரிசையில் ஒன்று. மேலும் கீழும் பல் இல்லாமல் நேராக இருந்தால் 1965-இல் வந்த, சுருளாகச் சுற்றி விற்ற வகை. அதுவும் புதையல் இல்லை.

ஆனால் வெளியிட்ட நாளில் ஒரு குறும்பு உண்டு. 1958, ஏப்ரல் 18, பாஸ்டன். அமெரிக்கா இன்னும் பிரிட்டன் கையில் இருந்த 1775-இல் இதே தேதி இரவில்தான் பிரிட்டிஷ் படை வருகிறது என்று சொல்ல ரிவியர் குதிரையில் கிளம்பினார். பக்கத்து ஊரான லெக்சிங்டன் வரை போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து அடுத்த ஊரான கான்கார்டுக்குப் போகும் வழியில் ரோந்துப் படையிடம் மாட்டிக்கொண்டார். கான்கார்டை எட்டியது சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர். பின்னாளில் லாங்ஃபெலோ எழுதிய கவிதையில் ரிவியரே கான்கார்டு வரை போய்விடுகிறார். அந்தக் கவிதை இல்லாவிட்டால் இந்தப் பெயரை பாஸ்டனுக்கு வெளியே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தொழிலால் மனிதர் பத்தர், அதாவது பொன், வெள்ளி வேலை செய்பவர். தகப்பனார் பிரான்சிலிருந்து வந்தவர், அவரும் வெள்ளி வேலைக்காரர். மகனுக்கோ தேசபக்தியும் பட்டறையும் வேறுவேறல்ல. 1768-இல் மன்னர் தரப்பின் மிரட்டலுக்குப் பணியாத 92 மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மரியாதையாக அவர் செய்த வெள்ளிக் கிண்ணம் இன்றும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் காப்ளி தீட்டிய ஓவியத்தில் ரிவியர் கோட்டு இல்லாமல் சட்டையோடு, கையில் தேநீர்க் கெண்டியோடு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் செதுக்கு உளிகள். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த படம் அதுதான். உங்கள் தபால்தலையில் இருப்பது முகம் மட்டும். கையும் இல்லை, கருவியும் இல்லை.

செப்புத் தகட்டில் படம் செதுக்குவதும் அவர் தொழில். பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட 1770 பாஸ்டன் படுகொலையைப் பற்றிய படம் பிரபலமானது, ஆனால் அதன் மூல வரைபடம் ஹென்றி பெல்ஹாமுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்று பெல்ஹாம் கோபித்துக் கடிதமே எழுதினார். தேசபக்தராக இருந்தாலும் அது சரியில்லைதான்.

அப்புறம், ஒரு வேடிக்கை. 1765-இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே ‘ஸ்டாம்ப் சட்டம்’. தபாலுக்கு அல்ல, நம்முடைய பத்திரத் தாள் போல ஆவணங்களுக்கும் செய்தித்தாளுக்கும் வரி. பாஸ்டன் கொதித்தது. மறு ஆண்டு சட்டம் ரத்தானபோது அந்தக் கொண்டாட்டத்துக்காக எழுப்பிய தூணின் படத்தைச் செதுக்கியவர் ரிவியர். ஸ்டாம்ப் ஒழிந்தது என்று கொண்டாடியவரையே கடைசியில் ஸ்டாம்பில் ஒட்டிவிட்டார்கள்!

‘எதற்காக’ என்று கேட்டீர்கள். முகத்துக்கு மரியாதை குதிரைச் சவாரியால் வந்தது. தொழிலுக்கு மரியாதை வேறு இடத்தில், பெயர் இல்லாமல் வந்தது. 1972, ஜூலை 4 அன்று வில்லியம்ஸ்பர்க்கில் வெளியான 8 சென்ட் நினைவுத் தபால்தலைகள் நான்கு, ஒன்றாக ஒட்டியவை: கண்ணாடி ஊதுபவர், வெள்ளிக் கொல்லர், பொய்முடி செய்பவர், தொப்பி செய்பவர். வெள்ளிக் கொல்லர் இன்னார் என்று அதில் எழுதவில்லை. 1977-இல் தையல்காரி, இரும்புக் கொல்லர், வண்டிச் சக்கரம் செய்பவர், தோல் வேலைக்காரர் என்று இன்னும் நால்வர். ‘சுதந்திரத்துக்குத் தேர்ந்த கரங்கள்’ என்ற பொருளில் தலைப்பு. என்னைக் கேட்டால் ரிவியருக்கு உண்மையான நினைவுத் தபால்தலை அந்த 1972 வெள்ளிக் கொல்லர்தான்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்து உங்கள் தபால்தலையில் ரிவியரின் கன்னத்தைப் பாருங்கள். நிழல் எல்லாம் மெல்லிய கோடுகளாக இருக்கும். ஒருவர் உளியால் எஃகில் செதுக்கி, பள்ளத்தில் மை நிரப்பி அச்சிட்டது. மாசசூசெட்ஸுக்கு 1775-இல் ரிவியர் காகிதப் பணம் செதுக்கி அச்சிட்டுக் கொடுத்ததும் ஏறக்குறைய இதே முறையில்தான், எஃகுக்குப் பதில் செம்பு.

1972 தொகுதி மலிவாகவே கிடைக்கும். வாங்கினால் நான்கையும் கிழிக்காமல் தாத்தாவின் ரிவியருக்குப் பக்கத்தில் வையுங்கள். பசை போட்டு மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.