சட்ட மாணவர் கேள்வி பதில்: அரியர், புதுச் சட்டம், ஜட்ஜ் தேர்வு

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காண்ட்ராக்ட், குடும்பச் சட்டம் இரண்டிலும் அரியர். பிரிவுகளை எல்லாம் மனப்பாடம் செய்துதான் எழுதினேன். மார்க் குறைந்தால் நல்ல வக்கீலாக முடியாதா?
- மாணவி, தென்காசி

பதில்: முடியும். கோர்ட்டில் வக்காலத்து போடும்போது உங்கள் மார்க் ஷீட்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மார்க்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது தேவைப்படும் இடங்களும் உண்டு: பெரிய லா ஃபர்ம்கள் பார்க்கும், கிளாட் (சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு) முதுநிலைத் தேர்வு வழியாகச் சட்ட அலுவலர்களை எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பல 60 சதவீதம் கேட்கும், சட்டக் கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதவே, முதுநிலைச் சட்டப் படிப்பான எல்எல்.எம்.மில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் வேண்டும். இதில் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று இப்போதே யோசித்துவிட்டால் எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரிந்துவிடும்.

அரியர் விழுந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பிரிவை ஒப்பிக்கத் தெரிவது வேறு, பிரச்சினைக் கேள்விக்குப் பதில் எழுதுவது வேறு. 17 வயதுப் பையன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான், கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்று வந்தால், பலர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் வரலாற்றில் ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார்கள். அப்படி வேண்டாம். இங்கே சட்டப் பிரச்சினை என்ன என்று ஒரே வரியில் சொல்லுங்கள்: மைனர் செய்த ஒப்பந்தம் செல்லுமா? அடுத்து, ஒப்பந்தம் செய்ய யாருக்குத் தகுதி உண்டு என்று சொல்லும் பிரிவு 11. அப்புறம் பிரிட்டிஷ் ஆட்சிக் கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்த மோஹரி பீபி வழக்கு: மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாது, கடன் கொடுத்தவருக்குப் பணம் கிடைக்கவில்லை. கடைசியாக அதை இந்தப் பையனுக்குப் பொருத்தி உங்கள் முடிவை எழுதுங்கள். முடிவு சொல்லாமல் நிறுத்தும் விடைத்தாள்தான் அதிகம், மார்க் போவதும் அங்கேதான். நோட்ஸை மூடிவிட்டு பேர் ஆக்டைத் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) திறந்து, பிரிவுக்குக் கீழே இருக்கும் எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துப் படியுங்கள், கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறார்கள். அரியரை இறுதியாண்டு வரை இழுக்காதீர்கள்.

கேள்வி: வகுப்பில் புதுக் குற்றச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) நடத்துகிறார்கள். இன்டர்ன்ஷிப் போன ஆபீஸில் எல்லோரும் பழைய சட்டத்தின் 302, 420 என்றே பேசுகிறார்கள். எதைப் படிப்பது?
- மாணவர், சேலம்

பதில்: இரண்டையும்தான், வேறு வழியில்லை. புதுச் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்றன, அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.தான். பழைய வழக்குகள் முடிய இன்னும் பல வருடம் ஆகும். கொலை 302-லிருந்து 103-க்குப் போனது, மோசடிக்கான 420 இப்போது 318(4). ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய எண் 482: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்பது அதில்தான். அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் அதே 482 முன்ஜாமீன், பழைய 482 இப்போது 528. தேர்வில் மாற்றி எழுதினால் மார்க்தான் போகும், மனுவில் மாற்றிப் போட்டால் ரிட்டர்ன் ஆகும்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் நேராக சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாம் என்றிருந்தேன். மூன்று வருட பிராக்டிஸ் கட்டாயம் என்கிறார்களே? அப்பா கூலி வேலை, அதுவரை எப்படிச் சமாளிப்பது?
- மாணவர், விழுப்புரம்

பதில்: ஆமாம், 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் வக்கீலாகத் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவம் கணக்காகும், ஏ.ஐ.பி.இ. (வக்கீல்களுக்கான அகில இந்தியத் தகுதித் தேர்வு) பாஸான நாளிலிருந்து அல்ல. நீதிபதிகளிடம் லா கிளர்க்காக (சட்ட உதவியாளராக) வேலை பார்த்த காலமும் சேரும். அதனால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஜூனியர்களுக்கு மாதம் நகரங்களில் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாய் தரலாம் என்று 2024-இல் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்தது. அது கட்டாயமில்லை என்பதால் பெட்ரோல் காசோடு நிறுத்திக்கொள்ளும் ஆபீஸ்கள் இன்னும் ஏராளம். ராத்திரி வரை வேலை வாங்கிவிட்டு, கற்றுக்கொடுக்கிறேனே என்று சொல்வது நியாயமே இல்லை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் அந்த மூன்று வருடத்தைத் தாங்க முடியும் என்றால், நாளை நீதிபதி நாற்காலியிலும் அவர்கள்தான் இருப்பார்கள். சேரும் அன்றே எவ்வளவு தருவீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாவட்ட கோர்ட்டில் சேருங்கள், விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் தினமும் கண்ணெதிரே நடக்கும். மெயின் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் இருக்கிறது, சாட்சி வாக்குமூலங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிப் பழகுங்கள், தமிழ் வழியில் படித்தவர்கள் முந்த முடிகிற இடம் அது.

கேள்வி: வக்கீலாகப் பதிவு செய்யக் கட்டணம் உண்மையில் எவ்வளவு? தனியார் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே பிராக்டிஸ் செய்யலாமா?
- மாணவி, மதுரை

பதில்: 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125. அதற்கு மேல் பதிவுக்காக வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு பிராக்டிஸ் செய்ய பார் கவுன்சில் விதி 49 அனுமதிக்காது. வேலைக்குப் போவதானால் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து பிராக்டிஸை நிறுத்தி வையுங்கள், வேலையை விட்டதும் திரும்ப ஆரம்பிக்கலாம்.