முடிவுச் சொற்களை முன்னரே கொடுத்துவிட்டுச் சானட் எழுதச் சொன்னால் அது கவிதையாகுமா?

பதினான்கு அடிகள் கொண்ட கவிதை வடிவமான சானட்டில், ஒவ்வோர் அடியின் இறுதியிலும் வர வேண்டிய இயைபுச் சொற்களை (ஒத்த ஓசையில் முடியும் சொற்களை) வரிசை மாறாமல் முன்கூட்டியே தந்துவிட்டு, அவற்றுக்கு ஏற்பச் சானட் எழுதுவதால் பயன் உண்டா, அது வெறும் சொல் விளையாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக இதைத் தமிழில் முயன்று வருபவன் என்ற முறையில், பயன் உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்தப் பயன் பெரிதும் சொற்பட்டியலைப் பொறுத்தது.

இது பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். ‘பூ ரிமே’ என்பது அதன் பெயர். 1648ஆம் ஆண்டை ஒட்டி, தூலோ என்ற கவிஞர் தம்முடைய முந்நூறு சானட்டுகள் களவுபோய்விட்டதாக வருந்தினார் என்றும், அத்தனை எழுதினீரா என்று வியந்தவர்களிடம், இயைபுச் சொற்களை மட்டுமே எழுதி வைத்திருந்ததாக விளக்கினார் என்றும் ஒரு செய்தி உண்டு. அவர் உண்மையாகவே மேற்கொண்ட முறையை மற்றவர்கள் பொழுதுபோக்காக்கிக் கொண்டார்கள். இங்கிலாந்தில் கட்டுரையாளர் அடிசன் 1711இல் இதைக் கடுமையாகச் சாடினார். எனினும் 1848இல் கவிஞர் தாந்தே கேப்ரியல் ரோசெட்டியும் அவர் தம்பி வில்லியமும் இப்படியே சானட் எழுதிப் பழகினார்கள். ஒரு சானட்டுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடங்களே ஆயின என்று வில்லியம் பின்னாளில் குறித்திருக்கிறார்.

தமிழில் சிக்கல் வேறு வகையானது. நம் வாக்கியம் இயல்பாக வினைமுற்றில் முடிவதால், ‘வந்தான், நின்றான், சென்றான்’ என்று விகுதியே இயைபைத் தந்துவிடுகிறது. அதில் எழுதுபவரின் உழைப்பு எதுவும் இல்லை. ஆகவே பட்டியலில் பெயர்ச்சொற்களே மிகுந்திருக்க வேண்டும் என்பேன். பெயர்ச்சொல் அடியின் இறுதியில் நின்றால், வேற்றுமை உருபு ஏற்க முடியாது (‘கரை’ என்பது ‘கரையில்’ ஆனால் இயைபு கெடும்). அதற்குரிய வினையும் பெரும்பாலும் அடுத்த அடிக்குத் தள்ளப்படும். இவ்வாறு வாக்கியம் அடியைத் தாண்டி ஓடும்போதுதான் சானட்டுக்குரிய நடை தமிழில் பிறக்கிறது.

சானட்டின் இத்தாலிய வடிவத்தில் முதல் எட்டு அடிகளுக்கு இரண்டே இயைபுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள் வேண்டும். ‘கரை, திரை, நுரை’ என்று அடுக்கினால் கடலைப் பற்றிய கவிதை தானாகவே எழுந்துவிடும். நாம் கண்டடைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நான் ‘கரை, வரை, உரை, இரை’ என்பதையும், மறு இயைபுக்குக் ‘காலம், பாலம், கோலம், ஓலம்’ என்பதையும் எடுத்துக்கொண்டேன். ‘வரை’ மலையாகலாம், எல்லையாகலாம், ஓவியம் தீட்டச் சொல்லும் ஏவலாகலாம். ‘கரை’ கரைவதையும் குறிக்கலாம். பொருள் பல தாங்கும் இத்தகைய சொற்கள் பட்டியலில் இருப்பது பெரும் வசதி. என் நான்காம், ஐந்தாம் அடிகள் இவை:

விளக்கணைத்த பின்பும் விடியும் வரை
விழித்திருந்தேன், நீ சொன்ன ஒற்றை உரை

‘உரை’க்குரிய வினை ஆறாம் அடியில்தான் வருகிறது.

பட்டியலில் ஒரு சொல்லாவது எடுத்த பொருளோடு ஒட்டாததாக இருக்கட்டும். பிரிவைப் பாட எண்ணிய எனக்கு ‘இரை’ நெடுநேரம் இடையூறாகவே இருந்தது. அதை எட்டாம் அடியில் பொருத்த முயன்றபோது, பிரிந்தவரின் நினைவைக் கூட்டுக்கு இரை கொண்டுவரும் பறவையாகக் காண நேர்ந்தது. அதன்பின் எஞ்சிய ஆறு அடிகளையும் அந்தப் பறவையைப் பற்றியே எழுதினேன்.