கடற்கரை வீட்டுக்கு மதுரையிலிருந்து பீரோ: கேள்வி-பதில்

மதுரையில் பெரிய பர்னிச்சர் ஷோரூம் ஒன்று திறந்ததிலிருந்து, பாம்பன் முதல் தொண்டி வரை வாசகர்கள் கேட்பதில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கிறது. திறப்பு விழாத் தள்ளுபடி உண்மையா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் விலைச் சீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பீரோவின் அடிவிளிம்பை. அதனால் பீரோவைப் பற்றிய கேள்வியே முதலில்.

மூன்று கதவு வார்ட்ரோப் 14,990 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். அட்டையில் ‘இன்ஜினியர்டு வுட்’ என்று இருக்கிறது. கேட்டால் “மரந்தான் சார்” என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கடல் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. வாங்கலாமா? (பாம்பன்)

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்., பிளைவுட் எல்லாவற்றையும் ‘இன்ஜினியர்டு வுட்’ என்ற ஒரே பெயரில் விற்கலாம். அந்த விலையில் மூன்று கதவு என்றால் அநேகமாகப் பார்ட்டிகிள் போர்டுதான். கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. காட்சிக்கு வைத்திருக்கும் பீரோவைத் திறந்து, தட்டுகளைத் தாங்கும் ஆணிக்காகப் போட்ட துளைக்குள் கைபேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே ரவை உப்புமா மாதிரி சில்லுசில்லாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. பிஸ்கட்டை உடைத்தாற்போல் ஒரே சீரான மாவாக இருந்தால் எம்.டி.எஃப். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

பார்ட்டிகிள் போர்டு என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டோம். முகப்பில் இருக்கும் மெலமைன் தாள் வழியாகத் தண்ணீர் இறங்காது. இறங்குவது விளிம்பு வழியாக, அதிலும் அடிவிளிம்பு வழியாக. கண்ணுக்குத் தெரிகிற விளிம்பில் எல்லாம் பி.வி.சி. பட்டி ஒட்டியிருப்பார்கள், தரையைத் தொடும் விளிம்பை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். நம் பக்கம் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி வீட்டைக் கழுவிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் நேராக அங்கேதான் ஏறும். மரச்சில்லு ஊதும், அதைப் பிடித்திருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்தில் விட்டுக்கொடுத்துவிடும். ஒருமுறை ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பிறகு கதவு சரிந்து உரசும், கீல் திருகு மரத்தூளோடு கையில் வரும்.

இதற்கு மேல் உப்பு. மழைக்காலத்தில் டப்பா உப்பு நீர்த்துப்போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். காற்றில் வந்து படியும் உப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்க வீடுகளுக்கும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்க வீடுகளுக்கும் இந்தத் தொல்லை கூடும். கீல், திருகு, இழுப்பறை ஓடும் சேனல் எதுவும் முழுதாகக் காய்வதே இல்லை.

ஆகவே வாங்குவதானால் சில விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள். பீரோவுக்கு நாலு அங்குல உயரத்தில் கால் இருக்க வேண்டும். பலகையே தரையில் உட்காரக் கூடாது. அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் பட்டி இல்லை. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். தட்டின் நீளம் முக்கால் மீட்டருக்கு மேல் போய் நடுவில் தாங்கல் இல்லையென்றால், 18 மி.மீ. பலகை பட்டுப்புடவைக் கனத்துக்கே தொய்யும். பின்பலகை வெறும் 3 மி.மீ. என்றால் சுவரின் ஓதம் முதலில் அதைத்தான் பிடிக்கும். சமையலறைச் சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டி அந்தப் பீரோவை வைக்கவே வேண்டாம்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று அர்த்தந்தானே? (தங்கச்சிமடம்)

இல்லை. 304 தரத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது, மலிவான 202 தரத்திலும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு. நம் காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். காந்தம் பச்சக்கென்று ஒட்டினால் அநேகமாக அது முலாம் பூசிய இரும்பு. அவ்வளவு தெரிந்துகொள்ளத்தான் காந்தம் உதவும். தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடலைப் பார்த்த பால்கனியில் போடும் நாற்காலிக்கு 304-கூடப் போதாது. மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும், அல்லது எஸ்.எஸ். ஆசையையே விட்டுவிட்டு நல்ல பிளாஸ்டிக் நாற்காலி போடலாம். வீட்டுக்குள் உள்ள கீல்களுக்கு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். உப்பான போர்வெல் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் உப்பை எடுத்த இடத்திலேயே உப்பு வைக்கிறீர்கள்.

மதுரை நகருக்குள் டெலிவரி இலவசம், ராமேஸ்வரத்துக்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். நாமே குட்டி யானை பிடித்து ஏற்றிவந்தால் மிச்சமாகுமா? (ராமேஸ்வரம்)

வாடகையில் மிச்சமாகலாம். ஆனால் நீங்கள் பிடித்த வண்டியில் சரக்கு ஏறியதும் பொறுப்பும் உங்கள் பக்கம் ஏறிவிடும். கடை வண்டியில் வந்து மூலை நசுங்கினால் மாற்றித் தருவது கடையின் கடமை. உங்கள் வண்டியில் வந்து நசுங்கினால் “நல்லபடியா ஏத்திவிட்டோம்” என்று கைவிரிப்பார்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரமே ஏறக்குறைய 115 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் இன்னொரு 55. 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு ஒரு சதுர மீட்டர் சுமார் 12, 13 கிலோ கனக்கும். அந்தக் கனத்தைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருக்கும் கண்ணாடி தாங்காது. கண்ணாடிப் பெட்டியை நிறுத்தித்தான் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் இல்லாத வண்டியில் அட்டைப்பெட்டி ஏற்றவே கூடாது.

சொந்த வண்டியில் வந்தாலும் வரிப் பில் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால், சரக்கை ஏற்றிச்செல்ல இணையத்தில் போடும் இ-வே பில்லும் வேண்டும். அதைக் கடையையே போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடை வண்டியில் வந்தால், கையெழுத்துக்கு முன் பெட்டிகளை எண்ணுங்கள். ‘1/5, 2/5’ என்று ஒவ்வொரு பெட்டியிலும் எண் இருக்கும். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தாலும் டெலிவரி சீட்டிலேயே ‘3-ஆம் பெட்டி மூலை சேதம், பிரித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். “எழுதினா சரக்க எறக்க மாட்டோம்” என்றால் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். பெட்டி மேலுள்ள எண் தெரிகிற மாதிரி தொடங்குங்கள்.

பிட்டிங்குக்கு ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். நாங்களே பூட்டிக்கொள்ளலாமா? வீடு தாத்தா காலத்து வீடு. (கீழக்கரை)

பூட்டலாம். ‘நீங்களே பூட்டினால் வாரன்டி போகும்’ என்று அட்டையில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

பிறகு உயரம். படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்தும்போது பீரோவுக்கு அதன் உயரத்தைவிட அதிக இடம் வேண்டும். ஆறரை அடி உயரம், இரண்டு அடி ஆழம் உள்ள பீரோ நிமிரும்போது மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 6 அடி 10 அங்குலம் எடுக்கும். ஓட்டு வீட்டின் தாழ்ந்த உத்தரமோ பரணோ ஒன்றரை அங்குலம் இடித்தாலும் மொத்தமும் கழற்றி, நிற்கவைத்தே பூட்ட நேரும். கழற்றிக் கழற்றிப் பூட்டினால் பார்ட்டிகிள் போர்டில் திருகுத் துளை தளர்ந்துவிடும்.

பிரித்த அட்டையைத் தரையில் விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். பலகைகளை இறுக்கும் வட்டத் திருகான கேம் லாக்கை அம்புக்குறி விளிம்பைப் பார்க்க வைத்து, பிடி கிடைக்கும்வரை அரைச் சுற்று திருப்பினால் போதும். டிரில் மெஷினால் முறுக்கினால் துளை சிதறும், கைத்திருப்புளியே நல்லது. சட்டம் நின்றதும் பின்பலகை அடிப்பதற்கு முன்னால் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் லேசாக அழுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். கதவுகள் ஏறுமாறாக நிற்பதற்குக் கீலைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இந்த அளவெடுப்பை விட்டதுதான்.

கடைசியாகச் சுவர்ப் பிடிமானம். இழுப்பறை உள்ள பீரோவில் பிள்ளைகள் ஏறினால் முன்னால் சாயும், அதனால் எல் கிளாம்ப்பை விட்டுவிடாதீர்கள். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட பழைய சுவர் என்றால் பெட்டியோடு வரும் சின்ன பிளக் பிடிக்காது, காரை பொடிந்து கொட்டும். சாந்தைத் தாண்டிக் கல்லுக்குள் போகிற மாதிரி 8 மி.மீ. கனம், மூன்று அங்குல நீளத்தில் நைலான் பிளக் வாங்குங்கள். துளையைச் சுத்தியல் மோட் இல்லாமல் வெறும் சுற்றிலேயே போடுங்கள்.

ராத்தா மகள் கல்யாணத்துக்குக் கட்டில், பீரோ, சோபா எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். சவூதியிலிருந்து மச்சான் பணம் அனுப்பியிருக்கிறார். மொத்தமாக ரொக்கம் தந்தால் பில் இல்லாமல் குறைத்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். (பெரியபட்டினம்)

வேண்டாம். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. ஒரே கல்யாணத்துக்கு மூன்று பில்லாகப் பிரித்தாலும் அது ஒரே நிகழ்ச்சிதான். அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே. அது கடைக்காரர் கவலை என்று நீங்கள் நினைக்கலாம். பில் இல்லாமல் கட்டில் சட்டம் ஆறாம் மாதம் விரிந்தால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? மரச்சாமான், இரும்புச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மூங்கில், பிரம்புச் சாமானுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதந்தான். பிரம்பு சோபா எடுத்தால் பில்லில் அதைச் சரிபாருங்கள்.

கல்யாணச் சாமானுக்கு முன்பணம் கட்டும்போது டெலிவரி தேதியையும், ‘இந்தத் தேதிக்குள் வராவிட்டால் முழுப்பணமும் திரும்ப’ என்பதையும் ஆர்டர் சீட்டில் எழுதி வாங்குங்கள். தேதி தவறியபின், பணத்துக்குப் பதிலாக அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் கிரெடிட் நோட்டை நீட்டினால் வாங்காதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் புகார், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வசதி அது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்றால் வட்டியே இல்லையா? (உச்சிப்புளி)

வட்டி உண்டு, அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 30,000 ரூபாய் சாமானை கிரெடிட் கார்டில் மாதம் 2,500 வீதம் 12 மாதம் கட்டுகிறீர்கள். வங்கி வட்டி 15 சதவீதம் என்றால் அதில் சுமார் 2,300 ரூபாய் வட்டி. அதைக் கடை தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறது. ஆனால் கார்டு வட்டிமேல் விழும் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஏறக்குறைய 414 ரூபாய், உங்கள் தலையில்தான். செயல்பாட்டுக் கட்டணம் தனி. “இப்பவே முழுசாக் கட்டினா எவ்வளவு?” என்று கேளுங்கள். 29,000-க்கு இறங்கினால் இ.எம்.ஐ.யின் விலை உங்களுக்கே தெரிந்துவிடும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே? சாமான் போடும் பைக்கு வேறு காசு கேட்கிறார்கள். (சாயல்குடி)

குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அந்த உரிமை கிடையாது, அது கடையின் தயவு. பை விஷயத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் கவுன்ட்டரில் வைத்துக் காசு கேட்பது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இலேயே சொல்லியிருக்கிறது. பீரோ வாங்கப் போகிறவர் வீட்டிலிருந்தே ஒரு மஞ்சப்பை எடுத்துப்போனால் சண்டையே இல்லை.

இதற்கெல்லாம் பதிலாக ஆசாரியை வைத்துச் செய்துவிட்டால் என்ன? (தேவிபட்டினம்)

விலை கூடும், ஆயுளும் கூடும். எங்களைக் கேட்டால், கடலோர வீட்டின் முக்கியமான ஒரு பீரோவை ஆசாரியிடம் செய்யுங்கள். ஷூ ஸ்டாண்டு, படிப்பு மேசை போன்றவற்றை ஷோரூமில் எடுங்கள்.

கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆறரை அடி உயரம், நாலரை அடி அகலம், 22 அங்குல ஆழம், நடுவில் ஒரு தடுப்பு, ஐந்து தட்டு, கதவு எல்லாம் சேர்ந்தால் சுமார் 102 சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுர அடி. வெட்டுக் கழிவோடு 19 மி.மீ. ஷீட் நாலு, பின்பலகைக்கு 6 மி.மீ. ஷீட் ஒன்று. ஆறு ஷீட் என்று சீட்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கடலோரத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எந்த நிறுவனம், எந்தத் தரத்துக்கு உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். ஷீட் வண்டியிலிருந்து இறங்கியதுமே அதைச் செய்து, முத்திரையைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ரம்பம் வைத்தபின் முத்திரை எந்தத் துண்டில் போயிற்று என்று ஆசாரிக்கே தெரியாது.