கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் முகத்துக்கு லேசர் வேண்டாம்

கேள்வி: எனக்கு 27 வயது, மாநிறம். கல்லூரி நாட்களில் வந்த பரு இரண்டு கன்னங்களிலும் பள்ளம் பள்ளமாகத் தழும்பை விட்டுப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் கல்யாணம். ஒரே சிட்டிங் லேசரில் முகம் மழமழவென்று ஆகிவிடும் என்கிறார்கள் ஓர் அழகு நிலையத்தில். செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கல்யாணம் முடிந்ததும் ஒரு தோல் மருத்துவரிடம் நிதானமாகச் செய்துகொள்ளுங்கள்.

பருத் தழும்புக்குப் பெரும்பாலும் ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரைத்தான் பயன்படுத்துகிறோம். அது தோலில் வரிசையாக நுண்ணிய துளைகளைப் போட்டு, இடையில் உள்ள தோலை அப்படியே விட்டுவிடும். அந்த நல்ல தோலிலிருந்துதான் புண் ஆறுகிறது. உள்ளே கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) உருவாகி முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். ஒரு சிட்டிங்கும் போதாது. பள்ளம் குறையும், முழுதாக மறையாது.

எனக்குப் பெரிய கவலை உங்கள் நிறம்தான். கொசு கடித்தாலே நமக்கு அந்த இடம் கருத்துப்போகிறது இல்லையா? லேசரும் ஒரு காயம்தான். அது ஆறி ஓரிரு வாரத்தில் முகத்தில் கருமை படர்ந்தால், மங்கப் பல மாதங்கள் ஆகலாம். முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்காது.

அதனால் பிறகு செய்யும்போதும் நான்கு வாரம் முன்பே வெயிலைத் தவிர்த்து, தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள். குறைந்த சக்தியில் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சிவப்பழகு கிரீம் ஏதாவது பூசுகிறீர்களா? அந்த ட்யூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. அதைச் சரிசெய்த பிறகுதான் லேசர். உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருமா, காயம் பட்டால் தழும்பு தடித்துப் புடைக்குமா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதையும், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போதும் பரு வருகிறது என்றால் அதை அடக்குவதுதான் முதல் வேலை.

இன்னொன்று. சில பள்ளங்களை அடியில் நார் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். ஊசியால் அந்த நாரை அறுத்துவிடும் சப்சிஷன் அதற்கு ஏற்றது. ஊசி குத்தியது போன்ற ஆழமான குழிகளுக்கும் லேசர் மட்டும் அவ்வளவாக உதவாது.

லேசர் செய்த அன்று முகம் மிளகாய் பட்டதுபோல் எரியும். மூன்றாம் நாள் தொட்டால் உப்புத்தாள் போல் சொரசொரப்பு, காபித்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். ஐந்து முதல் ஏழு நாளில் அவை தானே உதிரும், கிள்ளக் கூடாது. மஞ்சள், கடலை மாவு எதுவும் வேண்டாம், வாஸலினும் டாக்டர் தந்த மருந்தும் போதும். சீழோ கொப்புளமோ வந்தாலும், வலி கூடினாலும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.