முதலில் படிக்க வேண்டிய கம்ப்யூட்டர் மொழி எது? செட்டிநாட்டுப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

தேவகோட்டை, பிளஸ் டூ முடித்த மாணவி: அண்ணே, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப்போறேன். சி தெரியாம எதுவும் வராதுங்கிறாங்க. சி-யா, பைத்தானா?

பைத்தானில் ஆரம்பிங்கம்மா. பிளஸ் டூ-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தால் மாநிலப் பாடப்புத்தகத்திலேயே பைத்தான் இருக்கிறது, அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சி மொழியை 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கினார். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுவதற்கான மொழி அது. மெமரியை எழுதுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரேயில் ஐந்து இடம்தான் இருந்தும் ஆறாவது இடத்தில் எழுதினால் சி தடுக்காது. புரோகிராம் தப்பான விடையோடு ஓடலாம், சம்பந்தமில்லாத வேறொரு வரியில் போய் நிற்கலாம். புதிதாகப் படிப்பவருக்குத் தன் யோசனை தப்பா, மெமரி தப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பைத்தான் அதே இடத்தில் நின்று, எந்த வரி என்று சொல்லிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கல்லூரியில் முதல் பருவத்திலேயே சி வைத்திருந்தால் சி-யையே படியுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இரண்டும் குழம்பும். சி-யில் எல்லோரும் மாட்டுகிற இடம், கீபோர்டில் அடிப்பதை வாங்கும் ஸ்கேன்எஃப் கட்டளையில் எண் வாங்கும்போது மாறியின் (மதிப்பை வைக்கும் பெயரின்) முன்னால் அம்பர்சண்ட் (&) குறியை விட்டுவிடுவது. வார்னிங் எல்லாவற்றையும் காட்டும்படி வைத்து கம்பைல் செய்தால், அதாவது எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றினால், அதுவே சுட்டிக்காட்டும்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர்: ரூம் அளவு சொன்னா எத்தனை கல் வேணும்னு சொல்ற புரோகிராம் நானே எழுதணும். எந்த மொழி?

பைத்தான்தான். முதல் புரோகிராமுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது, ஏனென்றால் விடை சரியா என்று உங்களுக்கே தெரியும்.

14 அடிக்கு 12 அடி அறை, 10 அங்குலக் கல் என்று வைத்துக்கொள்வோம். இன்புட் கட்டளை வழியாகக் கீபோர்டிலிருந்து வாங்கும் எதுவும் பைத்தானுக்கு எழுத்துதான். அடியை அங்குலமாக்க அதை அப்படியே 12-ஆல் பெருக்கினால் 168 வராது. 14 என்ற எழுத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கி 141414 என்று நீளமாகக் காட்டும். எர்ரரும் வராது. அதனால் முதலில் எண்ணாக மாற்றுங்கள். முழு எண்ணாக மாற்றும் இன்ட் போட்டால் 14.5 அடி என்று கொடுக்கும்போது நின்றுவிடும், புள்ளி எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் போடுங்கள்.

அடுத்தது வகுத்தல். 168-ஐ 10-ஆல் வகுத்தால் 16.8, 144-ஐ வகுத்தால் 14.4. இரட்டைச் சாய்கோடு (//) போட்டு வகுத்தால் பின்னத்தை வெட்டி 16, 14 என்று தரும். 224 கல்தான் வரும், இரண்டு ஓரத்திலும் தரை தெரியும். மேத் தொகுப்பில் உள்ள சீல் மேல்நோக்கி முழுமையாக்கும்: 17, 15. பெருக்கினால் 255.

மொத்தப் பரப்பைக் கல்லின் பரப்பால் வகுத்தால் 242 என்று வருமே, 13 கல் மிச்சமே என்று தோன்றும். வெட்டிய துண்டை இன்னொரு ஓரத்தில் போட முடிந்தால்தான் அது சரி. பூ வேலை உள்ள கல்லில் துண்டு வைத்தால் டிசைன் சேராது, ஆகவே வரிசைக் கணக்குதான். இந்த முடிவை எந்த மொழியும் எடுத்துத் தராது, கொத்தனாரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 268.

புதுவயல், ரைஸ் மில் கணக்கர்: மூட்டைக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் எக்செல்ல இருக்கு. கோடிங் படிக்கணுமா?

ஒரே ஃபைலில் முடிகிற வேலைக்கு வேண்டாம், எக்செலிலேயே கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் படித்தால் போதும். மாதாமாதம் பல ஃபைல்களை ஒன்றாக்கும் வேலை இருந்தால் பைத்தானில் எக்செல் ஃபைல்களைக் கையாளும் ஓபன்பைஎக்செல் தொகுப்பைப் படியுங்கள். பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கூட்டுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும், ஏனென்றால் இந்தப் பின்னங்களை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: பேரன் ஏழாப்பு. கோடிங் கிளாஸ்ல சேத்துவிடவாப்பா?

இப்போது பணம் கட்ட வேண்டாம் ஆச்சி. கட்டங்களை இழுத்து அடுக்கியே புரோகிராம் செய்கிற ஸ்க்ராட்ச் மொழியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்டது, அது இலவசம். லேப்டாப்பில் இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். போன் திரையில் பழக்க வேண்டாம், கட்டங்களை இழுத்து வைப்பது சிரமம். அவனாகவே ஒரு விளையாட்டு செய்து, அதில் மார்க் ஏறி இறங்கும்படி வைத்துவிட்டால் பைத்தானுக்குத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, கண்டாங்கிச் சேலை விற்பவர்: சொந்தமா வெப்சைட் செய்ய ஜாவா படிக்கிறேன். சரியா?

நீங்கள் தேடுவது ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா வேறு மொழி. முதலில் பக்கத்தில் என்ன இருக்கும் என்று எழுதும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ்., அதன்பிறகு ஜாவாஸ்கிரிப்ட். இன்ஸ்டால் எதுவும் வேண்டாம், குரோம் பிரவுசரில் எஃப் 12 அழுத்தினால் வரும் கன்சோல் பகுதியில் எழுதிப் பாருங்கள். ஃபார்ம் பெட்டியில் வாங்கிய சேலை விலை 1800-ஓடு கூரியர் 120-ஐக் கூட்டினால் 1800120 என்று காட்டும், எழுத்தாக ஒட்டிவிடும். கழித்தாலோ ஒழுங்காக 1680 வரும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. நம்பர் என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். பணம் வாங்கும் பகுதியை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவை வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர், தமிழாசிரியர்: தமிழிலேயே நிரல் எழுத முடியுமா?

ஓரளவு முடியும் ஐயா. பைத்தான் 3-இல் மாறிகளுக்கு விலை, நீளம் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். கட்டளைகளும் தமிழிலேயே வேண்டுமென்றால் எழில் என்ற மொழி இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: காரைக்குடி என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லாது, 10 என்று சொல்லும். கா என்பதை க ஒன்று, கால் ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. புள்ளி, கொம்பு எல்லாமே தனிக்கணக்கு. சொல்லைத் திருப்பிப் போடும் பயிற்சியைத் தமிழில் செய்தால் குறிகள் இடம் மாறிச் சிதறும். மாணவர்களுக்கு முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பள்ளத்தூர், பாலிடெக்னிக் மாணவர்: பைத்தான் இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா கமாண்ட் இல்லைங்குது. பழைய லேப்டாப், விண்டோஸ் 7.

விண்டோஸ் 7-க்கு 3.8 தான் கடைசி தம்பி, 3.9 முதல் ஏறாது. 3.8-இன் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, 'மாடிஃபை' அழுத்தி, அடுத்த திரையைத் தாண்டினால் வரும் 'ஆட் பைத்தான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' கட்டத்தில் டிக் போடுங்கள், கமாண்டை விண்டோஸ் தேடும் 'பாத்' பட்டியலில் பைத்தானைச் சேர்ப்பது அதுதான். பிறகு கமாண்ட் விண்டோவை மூடித் திறங்கள், பழைய விண்டோவுக்கு மாற்றம் தெரியாது. பயிற்சி ஃபைலுக்கு ராண்டம், மேத் போன்ற பெயர் வைக்க வேண்டாம். குறிப்பாக ராண்டம் என்று வைத்துவிட்டு ராண்டம் தொகுப்பை இம்போர்ட் செய்தால் (உள்ளே கொண்டுவந்தால்), பைத்தான் தன்னுடைய தொகுப்பை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும்.